இருபத்தொன்பதாவது பெயர்

மார்லிஸ் ஓயலாவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் "அழுத்தக்காரி" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பத்தொன்பது வருஷம் ஒரே அறையில் அவளோடு முதுகுக்கு முதுகு உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். சொல்கிறேன், அழுத்தக்காரிதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார்களே, அவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் என்ன பட்டாள் என்று இவர்களுக்கு என்ன தெரியும்?

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஏரிப் பனிதான் பிழைப்பு. குளிர்காலம் முழுக்க, அமெரிக்காவின் வடகோடியில் இருக்கிற சுப்பீரியர் ஏரியின் பனியைத் துளைபோட்டு அளப்பார்கள், கோடை முழுக்க அதைப் பற்றிக் கட்டுரை எழுதுவார்கள். இதுவரை வெளியான எல்லாக் கட்டுரைகளையும் ஆசிரியர் பெயர், தலைப்பு, வருஷம் என்று வரிசைப்படுத்தி ஏப்ரல் மாதம் ஒரு பட்டியல் அச்சாகும். அதைச் சட்டம் போட்டு வாசல் நடைவழியில் மாட்டுவோம். அந்தப் பட்டியலைத் தயாரிக்கிற பழைய புரோகிராமுக்குத் தொண்ணூறாம் வருஷத்திலிருந்து மார்லிஸ்தான் தாயும் தகப்பனும். நான் கூடத்தின் மற்ற கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். என் பெயர் வெர்ன் டிக்கனன். என்னைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

அவள் புருஷன் ரெய்னோ எங்கள் கூடத்தில் துளைபோடுகிறவன். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவன். ஆனால் பனி மேல் காலை வைத்தவுடன் எத்தனை அங்குலம் என்று சொல்வான், கருவி அதற்கப்புறம்தான் சொல்லும். 2004 பிப்ரவரியில், பராகா ஊருக்கு எதிரே வளைகுடாவில், பனி உடைந்து பனிவண்டியோடு தண்ணீருக்குள் போனான். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. கட்டுரைக்குக் கடைசியாக ஓர் அளவு குறைந்திருந்தது, அதற்காகத்தான் டாக்டர் லோவல் பிரென்டிஸ் அவனை அனுப்பினார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. பிரென்டிஸ்தான் அப்போது எங்கள் கூடத்துக்குத் தலைவர். மார்லிஸ் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது பிரென்டிஸ் அவளிடம் வந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"மார்லிஸ், ரெய்னோ பேரு அந்தக் கட்டுரைல ஆசிரியர் பேரோட பேரா வரும். இது என் வாக்கு."

அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

மறுவருஷம் கட்டுரை வந்தது. ஆறு நாட்டுக்காரர்கள், இருபத்தொன்பது ஆசிரியர்கள். முதல் பெயர் பிரென்டிஸ், கடைசிப் பெயர் ரெய்னோ ஓயலா. மார்லிஸ் அந்தச் சஞ்சிகையைக் கைப்பையில் வைத்துக்கொண்டே ஒரு மாதம் திரிந்தாள். ஏப்ரலில் எங்கள் கூடத்தின் பட்டியல் சுவருக்கு வந்தது. அதில் இருபத்தெட்டுப் பேர்தான். இருபத்தெட்டாவது பெயருக்குப் பிறகு சுத்தமாக முற்றுப்புள்ளி.

"பாத்தியா வெர்ன்?" என்றாள். "வெளியூர்க்காரன் அச்சுல போட்டுட்டான். நம்ம வீட்டுச் சுவத்துல மட்டும் தொழிலாளி பேரு கூடாதாம்."

"டாக்டர்கிட்ட கேளேன்."

"நான் ஏன் கேக்கணும்? விவரமெல்லாம் அவர் ஆபீஸ்லேர்ந்துதான வருது. வெட்டினவருக்குத் தெரியாதா?"

அன்றோடு பிரென்டிஸிடம் பேச்சை நிறுத்தினாள். எதிரே வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். கூட்டத்தில் அவர் கேள்வி கேட்டால் பதிலை என்னைப் பார்த்துச் சொல்வாள். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. 2007இல், ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கையிலேயே, பிரென்டிஸ் வேலையை விட்டுவிட்டு பக்கத்து ஊரான லேக் லிண்டனில் போய் முடங்கிவிட்டார். "தொலைஞ்சார்" என்றாள் மார்லிஸ். வருஷா வருஷம் ஏப்ரலில் புதுப் பட்டியல் மாட்டும்போது மட்டும் போய் நின்று அந்த ஒரு பதிவைப் படிப்பாள். இருபத்தெட்டு. திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வாள். அன்றைக்கு முழுக்க நான் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பேன்.

2016 ஜனவரியில் எங்கள் கூடம் சேர்ந்த பல்கலைக்கழகத்திலிருந்து ஓலை வந்தது. கீழ்த்தளத்துப் பழைய கம்ப்யூட்டரை மே மாதத்தோடு நிறுத்திவிடப் போகிறார்கள், பட்டியல் புரோகிராமைப் புதிதாக எழுதியாக வேண்டும். இதுவரை தலைவர் ஆபீஸிலேயே கிடந்த மூலக் கோப்பும், அதாவது எல்லாக் கட்டுரைகளின் விவரமும், அப்போதுதான் முதல்முறையாக மார்லிஸ் கைக்கு வந்தது.

இந்தப் புரோகிராம் ஒரு தினுசானது. பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு சின்ன மொழியில் எழுதி வைத்திருப்பார்கள். அந்த மொழியில் எல்லாமே அடுக்குதான். ஒரு பெயரை வை, அதன் மேல் இன்னொன்றை வை, இப்போது மேலே இருக்கிற இரண்டையும் எடுத்து ஒட்டி மறுபடி வை. ஓட்டலில் கழுவின தட்டை அடுக்குவது மாதிரி, எதுவானாலும் மேலிருந்துதான் எடுக்க முடியும். இப்படி முப்பத்தேழு வேலைகள் அந்த மொழிக்குத் தெரியும். முப்பத்தேழையும் மார்லிஸ் ஒவ்வொன்றாக எழுதினாள். எழுத்துகளை ஒட்டுகிற வேலையை எழுதின அன்று பட்டியலில் பெயரெல்லாம் தலைகீழாக வந்தது. மேலே இருப்பது முதலில் கைக்கு வரும், ஆனால் ஒட்டும்போது அது பின்னால் போக வேண்டும். இந்தத் தொழிலில் முதல் வாரத்திலேயே எல்லோரும் செய்கிற தப்பு அது.

"அம்பத்தெட்டு வயசுல கத்துக்குட்டித் தப்பு" என்று தன் தலையில் குட்டிக்கொண்டு சிரித்தாள். ரெய்னோ போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது குறைவு.

திருத்தி மறுபடி ஓட்டினாள். நான் இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தேன்.

"வெர்ன். இங்க வா."

"வாயில இருக்கு."

"முழுங்கிட்டு வா. இந்த வரியப் படி. சத்தமாப் படி."

படித்தேன். பிரென்டிஸில் ஆரம்பித்து ஒவ்வொரு பெயராக வந்து, கடைசியில் "ரெய்னோ ஓயலா" என்றேன். அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் இரண்டும் நிரம்பிவிட்டது.

"இருக்கான்" என்றாள். "மூலக் கோப்புல இருக்கான்."

"அப்போ டாக்டர் வெட்டலயா?"

அவள் முகம் இறுகிவிட்டது. "அப்புறமாச் சேர்த்திருப்பார். வேலைய விட்டுப் போறப்ப மனசு உறுத்தியிருக்கும்."

அந்தப் பதிவை எழுதின தேதி கோப்பிலேயே பக்கத்தில் இருந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "2005 பிப்ரவரி" என்று படித்துவிட்டேன். சுவரில் பட்டியல் ஏறியது அதே வருஷம் ஏப்ரலில். அதாவது, பிரென்டிஸ் சொன்ன வாக்குப்படி பெயரைச் சேர்த்துத்தான் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்.

மார்லிஸ் பழைய கம்ப்யூட்டருக்குள் நுழைந்து பழைய புரோகிராமின் வரிகளைத் திறந்தாள். அதே கோப்பைத் தின்று புதியது இருபத்தொன்பதைத் துப்புகிறது, பழையது இருபத்தெட்டைத் துப்புகிறது. அப்படியானால் கோளாறு பழையதில்தான் இருக்க வேண்டும். ஒட்டுகிற வேலை எழுதியிருந்த பக்கத்துக்குப் போனாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நாலு வரி இருந்தது. அதற்கு மேலே ஒரு குறிப்பு:

"512 எழுத்துக்கு மேல் போனால் இயந்திரம் நின்றுவிடுகிறது. கடைசிக் காற்புள்ளியோடு வெட்டிவிட்டு முற்றுப்புள்ளி வை. அரைப் பெயர் நின்றால் அசிங்கம். எச்சரிக்கை அச்சிட வேண்டாம். மா. ஓ., நவம்பர் 1991."

மா. ஓ. என்றால் மார்லிஸ் ஓயலா. கூடத்தில் அந்த முதலெழுத்துக்கு வேறு ஆள் கிடையாது.

தொண்ணூற்றொன்றில் அந்த இயந்திரத்துக்கு இருந்த நினைவகம் இன்றைக்கு ஒரு கைக்கடிகாரத்துக்குக் காணாது. ஏதோ ஒரு பிற்பகலில், நீளமான பெயர் வரிசை வந்து இயந்திரம் நின்றிருக்கும், இவள் நாலு வரி எழுதி ஓட வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அத்தனை பேர் சேர்ந்து எழுதின கட்டுரை அப்புறம் வந்ததே இரண்டோ மூன்றோதான். பெயர் பாதியில் அறுந்து தொங்கியிருந்தால் பார்த்தவுடனே யாருக்கும் புரிந்திருக்கும், இது இயந்திரம் வெட்டியது என்று. இவள் சுத்தக்காரி அல்லவா? காற்புள்ளி பார்த்து வெட்டி, முற்றுப்புள்ளியும் வைத்து, எச்சரிக்கையையும் அடைத்துவிட்டாள். பார்க்கிறவர்களுக்கு யாரோ மனுஷன் வேண்டுமென்றே எடுத்த மாதிரிதான் இருக்கும். அவளுக்கே அப்படித்தான் இருந்தது.

"மறந்தே போச்சு" என்றாள். பிறகு, "நான்தானா வெர்ன்?" என்று கேட்டாள்.

மறுநாள் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து கேரி ஃபென்ஸ்கி வந்தான். பழையது கொடுத்ததையும் புதியது கொடுத்ததையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுவது அவன் வேலை.

"மூணு பதிவு வித்தியாசமா வருதே" என்றான்.

"பழையதுல தப்பு இருக்கு. நான் போட்ட தப்பு" என்றாள் மார்லிஸ்.

"இருக்கட்டும்மா. பழசு எப்படியோ புதுசும் அப்படியே வரணும். தப்பு இருந்தா அந்தத் தப்போட வரணும். இதுதான் விதின்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? இந்தப் பட்டியல் பல இடத்துக்குப் போயிருக்கு. இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு இருந்தா எதை நம்பறது?"

"செத்துப்போன ஆளோட பேரு அது."

கேரி பொல்லாதவன் இல்லை. தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தான். "ஒரு வழி இருக்கு. கட்டுரையோட முதல் ஆசிரியர் 'இப்படித்தான் இருக்கணும்'னு இந்தப் படிவத்துல கையெழுத்துப் போட்டா, அந்த ஒரு பதிவுக்கு மட்டும் விலக்குக் குடுக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள வரணும். இல்லேன்னா பழசு மாதிரியே எழுதிடுங்க."

முதல் ஆசிரியர் யார் என்று அவன் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும்.

அவன் போனதும் நான் கதவைச் சாத்தினேன். "ஒப்பிடற பட்டியல்லேர்ந்து அந்தப் பதிவையே நான் எடுத்துடறேன். புதுசுல ரெய்னோ இருப்பான். எவனுக்குத் தெரியப்போகுது?"

"எவனுக்கும் தெரியாமதான நானும் வெட்டினேன்" என்றாள்.

அன்று பிற்பகலே தன் புதுப் புரோகிராமில் 512ஐ எழுதிச் சேர்த்தாள். காற்புள்ளியோடு வெட்டு, முற்றுப்புள்ளி வை. ஓட்டினாள். வித்தியாசம் பூஜ்யம் என்று வந்தது. தெரியாமல் செய்ததை இந்தத் தடவை தெரிந்தே தன் கையால் செய்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அப்புறம் அவள் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து என் மேஜைக்கு எதிரே நின்றாள்.

"வண்டிய எடு. லேக் லிண்டன் போகணும்."

வழியெல்லாம் ஆலங்கட்டியும் தூறலும். பிரென்டிஸின் வீட்டு வாசலில் பனிகூட ஒழுங்காக வாரப்படவில்லை. கதவைத் தட்டினோம். திறந்தவரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மலை மாதிரி இருந்த மனுஷன், சட்டைக்குள் ஆளே இல்லை. மார்லிஸைப் பார்த்ததும் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"வாம்மா" என்றார். "நீ என்னைக்காவது வருவேன்னு தெரியும். உள்ள வா. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிடு. நான் தயாராத்தான் இருக்கேன்."

அவர் எதைச் சொல்கிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை. சமையலறை மேஜையில் உட்கார வைத்தார். மார்லிஸ் கேரி கொடுத்த படிவத்தை எடுத்து வைத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னாள். ரெய்னோவின் பெயர் சுவரில் இல்லாமல் போனது, அதற்காகப் பதினோரு வருஷம் பேசாமல் இருந்தது, 512, நவம்பர் 1991, தன் முதலெழுத்து, எல்லாம். அவர் பேனாவை எடுத்து, படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு, படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதுக்கா?" என்றார்.

"ஆமா டாக்டர்."

"இந்தப் பட்டியலுக்காகவா எங்கூடப் பேசாம இருந்த?"

"ஆமா."

"அன்னிக்குப் பனி மேல அவன நான் அனுப்பினேனே, அதுக்கு இல்லையா?"

மார்லிஸ் நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்கு ஒரு நாளும் உங்க மேல எனக்குக் கோவம் கிடையாது. ரெய்னோவ யாரு அனுப்ப முடியும்? முந்தின நாளு சவுனா வேர்வைக் குளியல்ல உக்காந்துட்டே சொன்னான், 'டாக்டர் வேணாங்கறாரு, நான் எப்படியும் அவரச் சம்மதிக்க வச்சுட்டுப் போகத்தான் போறேன்'னு. நான்கூட, சரி, சாப்பாடு கட்டி வைக்கறேன்னேன்."

"இத யார்கிட்டயாவது சொன்னியா?"

"யாரும் கேக்கல."

பிரென்டிஸ் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். குரல் மட்டும் வந்தது. "நடைவழியில நீ என்னைப் பாத்துட்டு மொகத்தத் திருப்பிட்டுப் போற ஒவ்வொரு தடவையும், இவளுக்குத் தெரியும், இவ புருஷன நான்தான் கொன்னேன்னு நினைச்சுப்பேன். ரெண்டு வருஷம் தாங்கினேன். முடியல. அதான் வேலைய விட்டேன். அதுக்கப்புறம் பனி மேல காலு வைக்கல, மார்லிஸ். ஒரு கட்டுரை எழுதல. சர்ச்சுக்குப் போனா நீ இருப்பேன்னு அங்கயும் போகல. இது எனக்கு வேணும், நான் பட்டுத்தான் ஆகணும்னு இங்கயே உக்காந்திருந்தேன்."

"மன்னிச்சுடுங்க டாக்டர்."

"ஒரு வார்த்தை" என்றார் அவர். "கோவத்துலயாவது வந்து ஒரு தடவை கத்தியிருக்கலாமே. ஏன்யா பேரக் காணோம்னு கேட்டிருந்தா, கோப்பத் திறந்து காட்டியிருப்பேனே. அரை மணி நேர வேலை."

அவள் எழுந்து அவர் பக்கம் போகப் பார்த்தாள். அவர் திரும்பாமலே கையைக் காட்டித் தடுத்தார்.

"காகிதம் கிடைச்சாச்சில்ல? போயிடும்மா. இன்னிக்கு என்னால உன்னப் பாக்க முடியல."

வண்டியில் ஏறினோம். நான் சாவியைப் போடுவதற்குள் அவள் இறங்கிப் போய்த் திரும்பவும் கதவைத் தட்டினாள். ஜன்னலில் அவர் நின்றதை நான் வண்டியிலிருந்தே பார்த்தேன். அவளும் பார்த்தாள். கதவு திறக்கவில்லை. ஆலங்கட்டி அவள் தலையில் கொட்டிக்கொண்டே இருந்தது. நான்தான் இறங்கிப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

படிவம் அன்று மாலையே கேரியிடம் போய்ச் சேர்ந்தது. ஏப்ரலில் புதுப் பட்டியல் அச்சாகி வந்தது. முதல் பிரதியை நான்தான் எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்கு ஓடினேன். எனக்கென்னவோ அவள் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. "பாரு, நம்ம ஆளு வந்துட்டான்" என்று ரெய்னோவின் பெயரைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. விரலை எடுத்துப் போய் அந்தப் பதிவின் முதல் பெயரான லோவல் பிரென்டிஸ் மேல் வைத்தாள்.

"நான் வெட்டினது இவரத்தான் வெர்ன்" என்றாள்.